தண்டை இறக்கினால் உலை நின்றுவிடுமா?

மார்ச் 2, இரவு 9.20 (கேள்வி)

அணு உலையின் கட்டுப்படுத்தும் தண்டு சைக்கிள் பிரேக் மாதிரி. போரான் அல்லது காட்மியத்தில் செய்வார்கள். உள்ளே இறக்கினால் நிற்கும், வெளியே இழுத்தால் ஓடும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். "அப்படின்னா செர்னோபில்ல தண்டை இறக்குற பொத்தானை அழுத்தின பிறகு ஏன் வெடிச்சது?" என்று கேட்டுவிட்டாள். பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவும்.

மார்ச் 2, இரவு 10.55 (பதில்)

பிரேக் என்ற உவமையில்தான் சிக்கல். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும். தண்டு எதையும் பிடிப்பதில்லை, நியூட்ரானைத் தின்கிறது. யுரேனியம்-235 அணு ஒன்று பிளந்தால் சராசரியாக இரண்டரை நியூட்ரான் வெளியே வரும். அதில் சரியாக ஒன்று அடுத்த பிளவை உண்டாக்கினால் உலை சீராக ஓடும். ஒன்றுக்கு மேலே போனால் சக்தி ஏறும், கீழே வந்தால் இறங்கும். மீதி ஒன்றரை எங்கே போகிறது என்பதுதான் முழுக் கணக்கும். கொஞ்சம் வெளியே கசியும். கொஞ்சத்தைத் தண்ணீரும் எஃகும் யுரேனியம்-238-உம் தின்னும். மிச்சத்துக்கு நாம் ஆள் வைக்கிறோம்.

பந்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்டு நாம் உட்காரவைத்த பெருந்தீனிக்காரன். அவனை எந்த இலையில் உட்காரவைக்கிறோம், அவன் உட்காரும்போது யாரை எழுப்பிவிடுகிறான் என்று பார்க்க வேண்டும். செர்னோபில் இந்த இரண்டாவது பாதியில் வருகிறது. நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தண்டை மேலே பிடித்திருப்பது மின்காந்தம். கரண்ட் போனால் பிடி விட்டுப்போகும், தண்டு தன் எடையாலேயே விழும். மனிதர் கையே வேண்டாம்.

மார்ச் 3, காலை 6.10

டீ ஆறுவதற்குள் ஒரு திருத்தம். போரான் தின்னும் என்று எல்லாரும் சொல்கிறோம், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இயற்கையில் கிடைக்கும் போரானில் ஐந்தில் ஒரு பங்குதான் போரான்-10. தின்பது அது மட்டும்தான். மீதி நாலு பங்கு போரான்-11 சும்மா கூட வந்தவன், இலையில் கையே வைக்கமாட்டான்.

எவ்வளவு தின்னும் என்பதை அளக்கும் அலகின் பெயர் பார்ன். ஆங்கிலத்தில் வைக்கோலும் தானியமும் போட்டுவைக்கும் கொட்டகை. 1942-இல் பர்டியூ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இருவர் வைத்த பெயர். அணுக்கரு அளவில் இது கொட்டகை மாதிரிப் பெரிய இலக்கு என்ற நக்கல். மெதுவான நியூட்ரானுக்குப் போரான்-10 ஏறத்தாழ 3,840 பார்ன். காட்மியம்-113 இருபதாயிரம் பார்ன். கடோலினியம்-157 இரண்டரை லட்சம். ஒப்பிட்டுப் பார்க்க, யுரேனியம்-235 பிளவதற்கான எண் 585 பார்ன்தான். சிர்கோனியத்துக்கு அரை பார்ன்கூட இல்லை. அதனால்தான் எரிபொருளுக்கு உறை அதில் போடுகிறார்கள்.

மார்ச் 3, மதியம் 1.40

காட்மியம் அவ்வளவு நன்றாகத் தின்னும் என்றால் எல்லா இடத்திலும் அதையே போடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது 321 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அழுத்த நீர் உலையில் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் அழுத்தி வைத்திருப்பதால் அதுவே முந்நூறு டிகிரியைத் தொட்டு நிற்கும். ஆகவே மின் நிலைய உலையில் தனிக் காட்மியத்துக்கு வேலை இல்லை. வெள்ளி 80, இண்டியம் 15, காட்மியம் 5 என்று கலந்து, எஃகுக் குழாயில் அடைத்துப் போடுவார்கள். வெள்ளி என்று படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்தது. அவர் பொற்கொல்லர். வெள்ளியில் காட்மியம் கலந்த பற்றாசு ஒரு காலத்தில் பட்டறைகளில் சாதாரணம். அதன் புகை நுரையீரலுக்குக் கேடு என்பது அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

உலகின் முதல் உலையில் தனிக் காட்மியம்தான் இருந்தது. 1942 டிசம்பர் 2, சிகாகோ. விளையாட்டு அரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியில் ஸ்குவாஷ் ஆடும் கூடம். கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, நடுநடுவே யுரேனியம் வைத்திருந்தார்கள். கட்டுப்படுத்தும் தண்டு என்பது மரச்சட்டத்தில் ஆணியடித்த காட்மியத் தகடு, அவ்வளவுதான். ஜார்ஜ் வைல் கையால் அடி அடியாக இழுத்தார். குழுவின் தலைவர் ஃபெர்மி கணக்குக் கோலை நகர்த்திக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் தானியங்கித் தண்டு ஒன்று சடாரென்று விழுந்ததும் சாப்பிடப் போகலாம் என்று எல்லாரையும் கிளப்பிவிட்டாராம். மதியம் மூன்றரை மணிவாக்கில் தொடர்வினை நிலைத்தது. 28 நிமிடம் ஓடியது, சக்தி அரை வாட். இரவு விளக்குக்குக்கூடப் போதாது.

எனக்குப் பிடித்த பாகம் வேறு. மேலே கயிற்றில் ஒரு தண்டு தொங்கியது. நார்மன் ஹில்பெரி கையில் கோடரியோடு நின்றார், ஏதாவது ஆனால் கயிற்றை வெட்ட. அதுவும் போதாவிட்டால்? அடுக்கின் உச்சியில் மூன்று பேர் காட்மிய உப்புக் கரைசலோடு தயாராக இருந்தார்கள், ஊற்றிவிட. உலையை அவசரமாக நிறுத்துவதற்கு ஸ்க்ராம் என்று பெயர் வந்ததே அந்தக் கோடரிக்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால்தான்.

மார்ச் 3, மாலை 5.05

ஸ்க்ராம் பற்றி மேலே எழுதியது தப்பு, மன்னிக்கவும். "இடத்தைக் காலி பண்ணு" என்ற பொருளில் அந்தச் சொல் அமெரிக்கக் கொச்சையில் முன்பே இருந்தது. கோடரிக்கார விரிவு பிற்பாடு ஒட்டவைத்தது என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் வரலாற்றாளரே எழுதியிருக்கிறார். நானும் பத்து வருடமாக இந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இனி யார் வீட்டுக்கெல்லாம் போய்த் திருத்துவது?

கோடரி மட்டும் உண்மை.

மார்ச் 3, இரவு 11.30

செர்னோபில். "தண்டின் நுனியில் கிராஃபைட் இருந்தது, அதனால் வெடித்தது" என்று எங்கும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நுனி என்றதும் பென்சில் முனை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. அது நாலரை மீட்டர் நீளம். உலையின் உள்ளுயரமே ஏழு மீட்டர்.

ஏன் அதை வைத்தார்கள்? அந்த வகை உலையில் தண்டுகள் தண்ணீர் ஓடும் குழாய்க்குள் ஏறி இறங்கும். தண்டை மேலே தூக்கினால் காலியான இடத்தில் தண்ணீர் வந்து நிற்கும். தண்ணீரும் கொஞ்சம் தின்னும் ஆள்தான். பெருந்தீனிக்காரனை எழுப்பிவிட்டு அந்த இலையில் அரைத்தீனிக்காரனை உட்காரவைப்பானேன் என்று, போரான் கார்பைடு தண்டுக்குக் கீழே கிராஃபைட்டைத் தொங்கவிட்டார்கள். கிராஃபைட் ஏறத்தாழ எதையும் தின்னாது. தண்டு முழுக்க மேலே இருக்கும்போது கிராஃபைட் உலையின் நடுவில் நிற்கும். அதற்கு மேலே ஒன்றேகால் மீட்டர் தண்ணீர், கீழே ஒன்றேகால் மீட்டர் தண்ணீர்.

இப்போது பொத்தானை அழுத்துங்கள். மேலே போரான் நுழைகிறது, சரி. கீழே? கிராஃபைட் இறங்கி அந்த ஒன்றேகால் மீட்டர் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. தின்பவன் எழுந்து போகிறான், தின்னாதவன் வந்து உட்காருகிறான். உலையின் அடிப்பகுதியில் அந்தச் சில வினாடிகளுக்கு நியூட்ரான் கூடுகிறது. தண்டு முழுக்க இறங்க 18 முதல் 20 வினாடி ஆகும். போரான் அடிவரை போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும்.

சாதாரண நாளில் இது பெரிய பிரச்சினை இல்லை. பல தண்டுகள் பாதி இறங்கியே இருக்கும், அங்கே தள்ளத் தண்ணீர் இருக்காது. 1986 ஏப்ரல் 26 நள்ளிரவில் அப்படி இல்லை. 211 தண்டுகளில் ஏறக்குறைய எல்லாமே மேலே போயிருந்தன. உள்ளே மிச்சம் இருந்த தடுப்பு எட்டுத் தண்டு அளவுக்குத்தான் என்று பின்னால் கணக்கிட்டார்கள். 1 மணி 23 நிமிடம் 40 வினாடிக்குப் பொத்தான் அழுத்தப்பட்டது. மற்றது தெரிந்ததுதான்.

மகளிடம் சொல்லுங்கள்: பிரேக்கை மிதித்ததும் முதலில் ஆக்சிலரேட்டர் அழுந்தும்படி கட்டப்பட்ட வண்டி அது. 1983-லேயே லித்துவேனியாவின் இக்னாலினா உலையைத் தொடங்கும்போது இதைக் கண்டுபிடித்து எழுதியும் வைத்தார்கள். செர்னோபிலில் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. எனக்கு ஆத்திரம் வரும் இடம் இது.

மார்ச் 4, காலை 7.00

"தண்டுகளை ஏன் எல்லாவற்றையும் மேலே இழுத்தார்கள், பைத்தியமா?" என்று கேட்டவருக்கு: பைத்தியம் இல்லை, செனான். அதற்கு முன் நடந்தது ஒன்றைச் சொன்னால்தான் புரியும். சாயங்காலம் எழுதுகிறேன், இன்று பேரனைப் பள்ளியில் விட வேண்டியது என் முறை.

மார்ச் 4, இரவு 8.45

1944 செப்டம்பர் கடைசி வாரம், அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு. உலகின் முதல் பெரிய உலை. தொடங்கி 9 மெகாவாட் வரை ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் சக்தி தானாக இறங்க ஆரம்பித்தது. தண்டை இழுத்தார்கள், இன்னும் இழுத்தார்கள். இறங்கி இறங்கி உலை அணைந்தேவிட்டது. தண்ணீர் கசிகிறதோ என்று தேடினார்கள், ஒன்றும் இல்லை. மறுநாள் பார்த்தால் உலை தானே உயிர்பெற்றது. மறுபடி ஏற்றினால் மறுபடி அதே கதை.

இயற்பியலாளர் ஜான் வீலரும் ஃபெர்மியும் இந்த நேரக்கணக்கை வைத்தே ஆளைப் பிடித்தார்கள். யாரும் அழைக்காமல் பந்தியில் வந்து உட்கார்ந்தவன் செனான்-135. யுரேனியம் பிளக்கும்போது அயோடின்-135 பிறக்கும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அது செனானாக மாறும், செனானின் அரை ஆயுள் ஒன்பது மணி நேரம். அதன் பசி 26 லட்சம் பார்ன்! போரான்-10 அதன் முன்னால் கொசு.

அந்த உலை பிழைத்தது இன்னொரு தற்செயலால். இயற்பியலாளர்கள் 1,500 குழாய் போதும் என்று வட்டமாக வரைந்து கொடுத்திருந்தார்கள். கட்டிய டூபாண்ட் நிறுவனத்தின் பொறியாளர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று மூலைகளையும் நிரப்பி 2,004 குழாய்க்கு இடம் விட்டிருந்தார்கள். கணக்குப் போட்டவர்களுக்கு அது வீண்செலவாகத் தெரிந்தது. கடைசியில் அந்தக் கூடுதல் குழாய்களில் யுரேனியம் நிரப்பித்தான் செனானைத் தாண்டி உலையை ஓட்டினார்கள். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது மேஸ்திரி "சார், ஒரு அடி கூடப் போட்டுக்குவோம்" என்பாரே, அதே கதைதான்.

இப்போது செர்னோபிலுக்கு வாருங்கள். ஓடும் உலையில் செனான் பிறக்கவும் செய்யும், நியூட்ரானைத் தின்று தீரவும் செய்யும். இரண்டும் சமமாக இருக்கும். சக்தியைக் குறைத்தால் தின்று தீர்வது உடனே நின்றுவிடும், பிறப்பது மட்டும் அயோடினிலிருந்து தொடரும். செனான் மலையாகக் குவியும். அன்றிரவு உலை 30 மெகாவாட்டுக்குச் சரிந்தது. அதன் முழுச் சக்தி 3,200 மெகாவாட் வெப்பம். செனான் ஏறஏற அதை ஈடுகட்டத் தண்டுகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார்கள். அழையா விருந்தாளி தின்றுகொண்டிருந்ததால் அழைத்த ஆளை எழுப்பி அனுப்பினார்கள்.

மார்ச் 4, இரவு 10.10

"கேரம் போர்டில் போடும் போரிக் பவுடர் அதே போரானா? வீட்டில் வைத்திருக்கலாமா?"

அதேதான். தாராளமாக வைத்திருக்கலாம், வாயில் மட்டும் போடாதீர்கள். அது நியூட்ரானைத் தின்னும் பொருளே தவிரக் கதிர்வீச்சு விடும் பொருள் இல்லை. எங்கள் தெரு கேரம் கிளப்பில் ஒரு சீசனுக்கு ஒரு டப்பா காலியாகும். ஸ்ட்ரைக்கர் வழுக்கிப் போவதற்குக் காரணம், அந்தப் படிகம் ஏடு ஏடாக அடுக்கியிருப்பது. ஒன்றன்மேல் ஒன்று நழுவும். கிராஃபைட் வழவழப்பாக இருப்பதற்கும் இதுதான் காரணம். தொட்டால் இரண்டும் ஒரே குணம், நியூட்ரான் முன்னால் நிறுத்தினால் நேர் எதிர்.

அப்பாவின் பட்டறையில் வெங்காரம் இருக்கும், பொடி வைத்து ஊதும்போது போடுவார். அதுவும் போரான் உப்புதான்.

மார்ச் 5, காலை 6.30

போரானும் கிராஃபைட்டும் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. 1941 தொடக்கத்தில் ஜெர்மனியில் இயற்பியலாளர் வால்தர் போத்தே கிராஃபைட்டை அளந்து பார்த்து, இது நியூட்ரானை அதிகம் தின்கிறது, தணிப்பானாக, அதாவது நியூட்ரானை மெதுவாக்கும் பொருளாக, உதவாது என்றார். ஜெர்மானியர்கள் அதற்குப் பதிலாகக் கனநீர், அதாவது கன ஹைட்ரஜன் சேர்ந்த தண்ணீர், பக்கம் போனார்கள். அமெரிக்காவில் இயற்பியலாளர் லியோ சிலார்டு, கிராஃபைட் தின்கிறதா, அதில் ஒளிந்திருக்கும் வேறு ஏதோ தின்கிறதா என்று சந்தேகப்பட்டு, உற்பத்தியாளர்களைக் குடைந்தார். போரான்! பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு இருந்தாலும் கெடுத்துவிடும். போரான் நீக்கிய கிராஃபைட்டைத் தனியாகச் செய்யவைத்து வாங்கினார்கள். சிகாகோவில் அடுக்கியது அதைத்தான்.

மார்ச் 5, மதியம் 3.20

இன்னொரு கூட்டாளியை விட்டுவிட்டேன். ஹாஃப்னியம்.

கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சி கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? கறுப்பு மணல் கோடு கோடாகக் கிடக்கும். உள்ளங்கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனம் தெரியும். இல்மனைட், மோனசைட்டோடு சிர்கான் மணியும் அதில் உண்டு. சிர்கானிலிருந்து சிர்கோனியம் எடுத்தால் கூடவே இரண்டு சதவீதம் ஹாஃப்னியம் ஒட்டிக்கொண்டு வரும். வேதியியலில் இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்கள், பிரிப்பது படாதபாடு. ஹாஃப்னியத்தை 1923 வரை யாரும் கண்டுபிடிக்காமல் இருந்ததே இதனால்தான். ஆனால் நியூட்ரான் விஷயத்தில் ஹாஃப்னியம் சிர்கோனியத்தைவிட ஐந்நூறு அறுநூறு மடங்கு அதிகம் தின்னும். எரிபொருள் உறைக்குச் சிர்கோனியம் வேண்டுமானால் ஹாஃப்னியத்தைப் பத்து லட்சத்தில் நூறு பங்குக்குக் கீழே கொண்டுவர வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் இருக்கும் சிர்கோனியம் ஆலையின் வேலையில் முக்கியமான பங்கு இந்தப் பிரித்தல்தான்.

பிரித்தெடுத்த ஹாஃப்னியத்தைத் தூக்கி எறிவதா? தண்டு செய்தார்கள். நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலின் உலைக்கு ஹாஃப்னியத் தண்டுதான். தண்ணீரில் துருப்பிடிக்காது, உறைகூட வேண்டாம். இன்னொரு வசதி, ஹாஃப்னியம்-177 ஒரு நியூட்ரானைத் தின்றால் 178 ஆகும், அதுவும் தின்னும், பிறகு 179, அதுவும் தின்னும். போரான்-10 அப்படி இல்லை. ஒரு நியூட்ரானைத் தின்றதும் லித்தியமும் ஹீலியமுமாக உடைந்துவிடும், அதோடு அதன் கதை முடிந்தது. அந்த ஹீலியம் வாயு தண்டுக்குள்ளேயே சேர்ந்து போரான் கார்பைடை உப்பவைக்கும். ஒருவேளை சாப்பாட்டிலேயே வயிறு வெடிக்கிற ஆள்.

மார்ச் 5, இரவு 9.00

"தண்டே இல்லாமல் தண்ணீரில் போரானைக் கரைத்துவிடலாமே" என்றவரே, கூடங்குளத்தில் அதுவும் நடக்கிறது. அந்த வகை உலையில் தண்டும் உண்டு, குளிர்விக்கும் தண்ணீரில் போரிக் அமிலமும் உண்டு. புது எரிபொருள் போட்ட புதிதில் எரியும் வேகம் அதிகம் என்பதால், லிட்டருக்கு ஒரு கிராம் அளவிலோ அதற்குச் சற்று மேலோ போரான் இருக்கும். அமிலமாகச் சொன்னால் ஆறு கிராம். எரிபொருள் தேயத் தேயத் தண்ணீரில் போரானையும் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார்கள். தண்டு ஒரு இடத்தில் உட்கார்ந்து தின்னும், இது பந்தி முழுக்கச் சமமாகப் பரவித் தின்னும்.

இந்தப் போரானை எப்படி அளப்பார்கள் என்பது எனக்கு நெருக்கமான விஷயம். ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தேன். போரிக் அமிலம் அமிலம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படும் அளவுக்கு மந்தமானது. சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச்சொட்டாக விட்டால் ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி சட்டென்று நிறம் மாறாது. வெளிறிய ரோஜா நிறம் வரும், போகும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஒரு கரண்டி மேனிட்டால் சர்க்கரை போட்டால் போரிக் அமிலத்தைக் கையைப் பிடித்துச் சண்டைக்கு இழுத்து வரும். அப்புறம் ஒரே சொட்டில் நிறம் நிற்கும். உலை ஆய்வகங்களிலும் அடிப்படை முறை இதுதான்.

ஒரு வருடம் செய்முறைத் தேர்வன்று மேனிட்டால் பாட்டிலை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். முதல் அணியில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு விடை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பையன்களைத் திட்டிக்கொண்டிருந்தார். என் கண்ணில் அலமாரியில் இருந்த பாட்டில் பட்டது. நான் உடனே சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் சொன்னேன். அந்த அரை மணி நேரம் இன்னும் உறுத்துகிறது.

மார்ச் 5, இரவு 9.40

போரிக் அமிலம் மந்தம் என்று எழுதிவிட்டேன். அதை நம்பி ஏமாந்த இடம் ஒன்று உண்டு, அமெரிக்காவில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம். உலைக் கலத்தின் மேல்மூடியில் தண்டு நுழையும் குழாய் ஒன்றில் மெல்லிய விரிசல். அதன் வழியே கசிந்த தண்ணீர் ஆவியாக ஆக, அமிலம் அடர்ந்துகொண்டே போனது. 2002-இல் பார்த்தபோது பதினைந்து சென்டிமீட்டருக்கும் தடிமனான எஃகு அந்த இடத்தில் முழுக்க அரித்துப் போயிருந்தது. மிஞ்சியது உள்பக்கம் பூசிய துருப்பிடிக்காத எஃகு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

மார்ச் 6, காலை 11.15

மூன்று திருத்தங்கள். எல்லாமே எனக்கு நானே.

ஒன்று. மின் நிலைய உலையில் தனிக் காட்மியத்துக்கு வேலை இல்லை என்று 3-ஆம் தேதி எழுதினேன். நம் நாட்டு 220 மெகாவாட் கனநீர் உலைகளையே மறந்துவிட்டேன். உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் தொடங்கிக் கட்டியவற்றில் முதல் நிறுத்த ஏற்பாடு, எஃகுக்கு நடுவே காட்மியம் வைத்த 14 தண்டுகள். உருகாதா? உருகாது. அவை விழுவது தனிக் கலத்தில் குளிர்ந்து நிற்கும் கனநீருக்குள். சூடான குளிர்விப்பு நீர் வேறு குழாய்களில் ஓடுகிறது. இரண்டாவது ஏற்பாடு 12 குழாய்களில் லித்தியம் பென்டாபோரேட் கரைசலை ஏற்றுவது. பிறகு வந்த தாராப்பூர் 540 மெகாவாட் உலைகளில் கடோலினியம் நைட்ரேட்டை நேராகக் கனநீருக்குள் பீய்ச்சுகிறார்கள்.

இரண்டு. தண்டு தன் எடையால் விழும் என்றேன். எல்லாவற்றிலும் இல்லை. தாராப்பூரின் பழைய இரண்டு கொதிநீர் உலைகளில் தண்டுகள் கீழேயிருந்து மேலே போகும், நீரழுத்தத்தால் தள்ளவேண்டும். மேல்பக்கம் நீராவி பிரிக்கும் சாமான்கள் அடைத்துக்கொண்டிருப்பதால் அப்படி.

நம் கல்பாக்கத்தின் முதல் இரண்டு உலைகள் இன்னும் வேடிக்கை. 1983-இலும் 85-இலும் தொடங்கியவை. அவற்றை நிறுத்தத் தண்டையே நம்பவில்லை. அடியில் இருந்த தொட்டிக்குள் கனநீரைத் திறந்து கொட்டிவிடுவதுதான் வடிவமைப்பு. நியூட்ரானை மெதுவாக்கத் தணிப்பான் இல்லை என்றால் இயற்கை யுரேனியத்தில் தொடர்வினை நடக்காது. தீனிக்காரனைக் கூப்பிடவே வேண்டாம், பந்தியையே கலைத்துவிடு.

மூன்று. தலைப்பிலேயே இருக்கும் "நின்றுவிடுமா". தொடர்வினை நின்றுவிடும், சூடு நிற்காது. ஏற்கெனவே பிளந்த துண்டுகள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய நொடியில் முழுச் சக்தியில் ஆறேழு சதவீதம், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதம் அளவு. 2011-இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் தண்டுகள் ஒழுங்காகத்தான் உள்ளே போயின. தண்டுகள் மீது ஒரு குற்றமும் இல்லை. மிச்சச் சூட்டை எடுத்துப்போகத் தண்ணீர் ஓடவில்லை, அதனால் உருகியது. எந்தப் போரானாலும் அந்தச் சூட்டைத் தின்ன முடியாது.

மார்ச் 6, மதியம் 2.05

"ஒரே ஒரு தண்டால் விபத்து நடந்ததுண்டா?"

உண்டு. 1961 ஜனவரி 3, அமெரிக்காவின் ஐடஹோ. 3 மெகாவாட் வெப்பத்துக்கான சின்ன ராணுவ உலை. நிறுத்திவைத்துப் பராமரிப்பு நடந்தது. நடுத்தண்டைக் கையால் பத்து சென்டிமீட்டர் அளவு தூக்கிக் கோக்கவேண்டிய வேலை, ஐம்பது சென்டிமீட்டர் தூக்கப்பட்டது. சக்தி கட்டுக்கடங்காமல் எகிறியது. மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே அந்த உலையில் தண்டுகள் சிக்கிக்கொள்வதும், எரிபொருளோடு ஒட்டிய போரான் பட்டைகள் உதிர்வதும் தெரிந்திருந்தது. மிக வலுவான தண்டு ஒன்று முழுக்க வெளியே சிக்கிக்கொண்டாலும் மற்றவை உலையை நிறுத்தியாக வேண்டும் என்ற விதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த உலையைத்தான் சொல்வார்கள்.

மார்ச் 6, இரவு 10.30

மகளிடமிருந்து இரண்டாவது கேள்வி வந்திருக்கிறது. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தலைமுறை நியூட்ரான் பிறக்கும் என்றால் மெதுவாக நகரும் தண்டு எப்படி அதைப் பிடிக்கும்?

கெட்டிக்காரப் பெண். யுரேனியம்-235 தரும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறேழு உடனே வராது, சில வினாடிகள் தாமதித்து வரும். அந்த ஆறேழு பேர் வந்தால்தான் பந்தி நிரம்பும் என்ற நிலையில் உலையை ஓட்டுகிறார்கள். அதனால் முழு உலையும் அவர்களுடைய நிதானத்துக்கு இறங்கிவருகிறது. தண்டுக்கு அவகாசம் கிடைப்பது அவர்களால்தான். அவர்களே தேவையில்லை என்ற நிலைக்குப் போய்விட்டால் எந்தத் தண்டும் எட்டிப் பிடிக்க முடியாது. ஐடஹோவில் நடந்தது அது.

மார்ச் 7, காலை 5.50

ராத்திரி தூங்கவில்லை. நரோரா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன், அதைச் சொல்லாமல் விட்டது தப்பு.

1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசம் நரோரா, முதல் உலை. டர்பைன் கத்தி உடைந்தது, அதிர்ந்தது, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. உலையை உடனே நிறுத்திவிட்டார்கள், காட்மியத் தண்டுகள் விழுந்தன. ஆனால் தீயில் மின்கம்பிகள் எரிந்து நிலையமே இருட்டாகிவிட்டது, பதினேழு மணி நேரம். கட்டுப்பாட்டு அறையில் புகை புகுந்து ஆட்கள் வெளியேற வேண்டிவந்தது.

செனான் பற்றி எழுதியதை இங்கே கொண்டுவாருங்கள். நிறுத்திய உலையில் செனான் முதலில் குவியும், ஒருநாள் போனால் சிதைந்து கரைய ஆரம்பிக்கும். உலை ஆற ஆற வேறு தடைகளும் குறையும். நேற்று உதவிய அழையா விருந்தாளி எழுந்து போய்விடுவான். விழுந்த தண்டு மட்டும் போதும் என்று இருட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படி நம்புவது? எந்த அளவுமானியும் வேலை செய்யவில்லை. பணியாளர்கள் பேட்டரி டார்ச்சை எடுத்துக்கொண்டு உலைக் கட்டடத்தின் மேலே ஏறினார்கள். கையால் வால்வைத் திறந்து போரான் கரைசலை உலைக்குள் இறங்கவிட்டார்கள். அது புவியீர்ப்பால் தானே வழிந்து இறங்கும்படி வைத்த ஏற்பாடு, திறக்க மட்டும் ஆள் வேண்டும்.

சிகாகோவில் அடுக்கின் மேலே கரைசலோடு நின்ற மூன்று பேரைப் பற்றி எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதினேன். அவர்களுக்கு ஊற்றவேண்டி வரவில்லை. ஐம்பது வருடம் கழித்து நரோராவில் வந்தது.

மார்ச் 7, காலை 6.20

2-ஆம் தேதி குறிப்பின் கடைசி வரி, "மனிதர் கையே வேண்டாம்" என்று எழுதியது. அழிக்கவில்லை. அடித்துக் கோடு போட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்கு எட்டு மணிக்குப் பள்ளி. கிளம்புகிறேன்.